க்ராய்ட்ஸ்பெர்க் மாடிப்படியும் ஒன்பது இசைத்தட்டுகளும்

பெர்லினைச் சேர்ந்த இருவர் பேசிக் சேனல் என்ற பெயரில் கொண்டுவந்த இசைத்தட்டுகள் மொத்தமே ஒன்பது. 1993, 1994 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தட்டில் யாருடைய சொந்தப் பெயரும் கிடையாது. சைரஸ், குவாட்ரன்ட் என்று புனைபெயர்கள். படம் கிடையாது, பேட்டியும் ஏறக்குறைய கிடையாது. நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் நிறுவனத்தின் பெயர்கூடத் தட்டுக்குத் தட்டு உருக்குலைந்து, வெறும் கோடுகளாகத் தேய்ந்துகொண்டே போகும்.

ஆனாலும் இந்த முப்பது வருடங்களில் உலகில் எந்த மூலையில் யார் டப் டெக்னோ, அதாவது எக்கோவில் மிதக்கும் எலக்ட்ரானிக் நடன இசை, செய்தாலும், அந்த ஒன்பதில் ஒன்றின் சாயலாவது அதில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நண்பர் ஒருவர் ஹார்டு டிஸ்கில் ஏற்றிக்கொடுத்த பாட்டுகளோடு பாட்டாக இதுவும் என்னிடம் வந்தது. இரவு ஷிப்டில் ஹெட்போனில் கேட்டுக் கேட்டு, எதுவுமே நடக்காதது போலத் தோன்றும் இந்த இசையில் எவ்வளவு நடக்கிறது என்று பிடிபட நாளாயிற்று. அதன் பிறகு பெர்லின் என்றால் எனக்கு இதுதான். கொரோனாவுக்கு முந்தைய ஒரு கோடையில் போகவும் வாய்த்தது.

பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில், கோட்புஸர் டோர் மெட்ரோ நிலையம் தரைக்கு மேலே, இரும்புத் தூண்கள் மீது நிற்கிறது. கீழே இறங்கினால் துருக்கிக் கடைகள், கெபாப் வாசனை, பழக்கடைகள், எல்லாச் சுவர்களிலும் கிறுக்கல். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் லாண்ட்வேர் கால்வாய் வரும். பாலத்தைத் தாண்டாமல் இடப்பக்கம் திரும்பினால் பால் லிங்க்கெ ஊஃபர் என்ற கரையோரச் சாலை. நான் போனது வெள்ளிக்கிழமை. எதிர்க்கரையில் துருக்கிச் சந்தை கூடியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் கூடும் சந்தை அது. ஆலிவ், பாலாடைக்கட்டி, துணிச்சுருள்கள் என்று கூவி விற்கும் சத்தம் தண்ணீரைத் தாண்டி இந்தப் பக்கம் வரை கேட்டது.

நான் தேடிப் போனது ஹார்ட் வாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையை. 44ஏ என்ற எண்ணைக் கண்டுபிடித்தும் கடை கண்ணில் படவில்லை. பெர்லினின் பழைய கட்டடங்கள் முற்றத்துக்குப் பின் முற்றம் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முன்பகுதியில் வீடுகள், பின்முற்றங்களில் அந்தக் காலத்துத் தொழிற்கூடங்கள். அப்படி ஒரு பின்முற்றத்துக்குப் போய், ஸ்டிக்கரும் கிறுக்கலும் அப்பிய படிக்கட்டில் ஏறினால் ஹார்ட் வாக்ஸ். நான் போனபோது கடை அங்கேதான் இருந்தது. லிஃப்டைத் தேடாமல் படியேறினேன்; அந்தச் சுவர்களைப் படித்துக்கொண்டே ஏறியதில் பாதி மகிழ்ச்சி இருந்தது.

கடையை 1989இல் தொடங்கியவர் மார்க் எர்னெஸ்டஸ். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓவியக் கல்லூரியின் இறுதித் தேர்வுப் படைப்பாக ஒரு மதுக்கூடத்தையே திறந்தவர் அவர். முன்பு விபசார விடுதியாக இருந்த இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கும்பெல்நெஸ்ட் 3000 என்று பெயரிட்டார். ஹார்ட் வாக்ஸ் திறந்த அதே வருடம் நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்குப் பக்கத்தில் ஆளற்றுக் கிடந்த கட்டடங்களிலெல்லாம் இளைஞர்கள் புகுந்து ஆடத் தொடங்கினார்கள். ஆடுவதற்குப் பாட்டு வேண்டுமே? அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய டெக்னோ தட்டுகளை வரவழைத்து விற்ற கடை இது. அவற்றை வாங்க டிஜேக்கள் இங்கேதான் வந்தார்கள். பலர் இங்கேயே வேலையும் பார்த்தார்கள். எலக்ட்ரிக் இண்டிகோ, மார்செல் டெட்மான் இருவரும் இந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்கள்தான்.

எர்னெஸ்டஸுடன் சேர்ந்தவர் மோரிட்ஸ் ஃபான் ஒஸ்வால்ட். ஹாம்பர்க்காரர், அங்கே பலே ஷௌம்பெர்க் என்ற இசைக்குழுவில் தாளக் கருவிகள் வாசித்தவர். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் பேசிக் சேனல்.

உள்ளே ஒரே ஹால். மரப்பெட்டிகளில் தட்டுகள், ஓரத்தில் கேட்டுப் பார்ப்பதற்கான டர்ன்டேபிள்கள். ஒவ்வொரு தட்டின் உறையிலும் கடைக்காரர்கள் எழுதிய ஒரு வரிக் குறிப்பு. விளம்பர வாசகம் மாதிரி இல்லாமல், என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும் வரி. ஜமைக்காவின் ரெகே இசைப் பகுதியும் டெக்னோ பகுதியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைக் கவனித்தேன். கடையின் கொள்கையே அந்த இரண்டு வரிசைகளில் இருப்பதாக எனக்குப் பட்டது.

பேசிக் சேனலின் ஆறாவது தட்டான 'குவாட்ரன்ட் டப்' கையில் கிடைத்தது. பக்கத்துக்கு ஒரே ட்ராக். ஊசியை வைத்துவிட்டு அங்கேயே நின்று முழுதும் கேட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இதில் கேட்பது இவ்வளவுதான்: கீபோர்டில் சட்டென்று அழுத்தி எடுத்த ஒரு கார்டு, அதாவது சில சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டொலி. அதை டிலே கருவிக்குள் விடுகிறார்கள். சில நொடித் துணுக்குகள் தள்ளி அது திரும்பி வருகிறது. வந்ததை மறுபடி அதே கருவிக்குள் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் கூர்மை மழுங்கி, அடிச்சத்தம் மிஞ்சுகிறது. இதற்கிடையில் ஒரு கை ஃபில்டரின் குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. மூடும்போது கார்டு அடுத்த வீட்டு ரேடியோ சுவர் வழியாகக் கேட்பது போல அமுங்குகிறது, திறக்கும்போது பளிச்சென்று முன்னால் வந்து நிற்கிறது. பின்னணியில் கருவிகளின் இரைச்சல். வழக்கமாக ஒலிப்பதிவாளர்கள் துடைத்து எறியும் அந்த இரைச்சலை இவர்கள் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். கேட்கக் கேட்க அதுவும் ஒரு வாத்தியமாகிவிடுகிறது. பாட்டு எங்கும் போவதில்லை. ஒரே இடத்தில் நின்றபடி நிறம் மாறுகிறது.

டப் என்ற இந்த வித்தை ஜெர்மனியில் பிறந்ததல்ல. 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், வாட்டர்ஹவுஸ் பகுதியில், கிங் டப்பி என்ற எலக்ட்ரானிக் மெக்கானிக் தன் வீட்டிலேயே செய்தது. பதிவான பாட்டை எடுத்துக் குரலை விலக்கி, டிரம்மையும் பேஸையும் மட்டும் விட்டு, எக்கோவையும் ரிவர்பையும் மிக்சரிலிருந்தே கையால் ஏற்றி இறக்கினார். மிக்சரே வாத்தியமானது அங்கேதான். பெர்லின்காரர்கள் அதை டெட்ராய்ட்டின் நாலடித் தாளத்தின் மீது வைத்தார்கள்.

இப்படிக் கடன் வாங்கிய வெள்ளைக்காரர்கள் பலர் உண்டு. இவர்கள் அதை எப்படித் திருப்பிச் செலுத்தினார்கள் என்பதுதான் என்னை இவர்கள் பக்கம் இழுத்தது. 1996இல் தொடங்கிய பரியல் மிக்ஸ் என்ற லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில், ரிதம் அண்ட் சவுண்ட் என்ற பெயரில் ரெகேயையே செய்ய ஆரம்பித்தார்கள். டொமினிக்காவிலிருந்து பெர்லின் வந்த பால் செயின்ட் ஹிலேர், அப்போது டிக்கிமேன் என்ற பெயரில், பாடினார். பிறகு கார்னெல் கேம்பெல், சுகர் மைனட், வில்லி வில்லியம்ஸ் போன்ற மூத்த ஜமைக்கா பாடகர்கள். 2005இல் வந்த 'சீ மி யா' ஆல்பத்தில் ஒரே இசைத்தளத்தின் மீது பாடகர்கள் ஒவ்வொருவராக வந்து பாடுகிறார்கள். இது ஜமைக்காவின் பழைய வழக்கம். ஒரு ரிடிம், அதாவது இசைத்தளம், கிடைத்தால் ஊரே அதன்மேல் பாடும்.

அதோடு நிற்கவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸில் லாயிட் பார்ன்ஸ் என்ற ஜமைக்கர் நடத்திய வாக்கீஸ் என்ற லேபிளின் தட்டுகள் கிடைக்காமல் போயிருந்தன. 2000களின் தொடக்கத்தில் அவற்றை ஒவ்வொன்றாக மறுபதிப்பு செய்தது பெர்லின். தாங்கள் எங்கிருந்து கற்றோம் என்பதைக் கேட்பவர்களே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். இசையில் மரியாதை என்றால் எனக்கு இதுதான்.

ஊசி கடைசி வளையத்துக்கு வந்ததும் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இசை முடிந்து லேபிள் தொடங்கும் முன் வழுவழுப்பான ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். பெட்டிகளில் இருந்த மற்ற தட்டுகளையும் உருவி அதே இடத்தைப் பார்க்கப் பார்க்க, எத்தனையோ வேறு வேறு லேபிள்களின் தட்டுகளில், முள்ளால் கீறியது போல டி அண்ட் எம் என்ற எழுத்துகள். டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங். 1995இல் இதே கூட்டம் தொடங்கிய தட்டு வெட்டும் கூடம். பல வருடங்கள் இதே கட்டட வளாகத்தில் இயங்கியது.

தட்டு வெட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் பூசியிருப்பார்கள். அது சுழல, சூடேற்றிய ஊசி ஒன்று இசைக்கேற்ப அதிர்ந்தபடி பள்ளம் கீறிக்கொண்டே உள்ளே நகரும். அந்த மூலத்திலிருந்து அச்சு எடுத்துத்தான் ஆயிரக்கணக்கில் வினைல் அடிப்பார்கள். சிக்கல் பேஸில்தான். தாழ்ந்த ஒலி பள்ளத்தை அகலமாக வளைக்கும். அகலம் கூடினால் ஒரு பக்கத்தில் கொள்ளும் நிமிடம் குறையும். இடது வலது காதுகளில் பேஸ் எதிரும் புதிருமாக இருந்தால் பள்ளத்தின் ஆழம் மாறி, ஊசி எகிறிக் குதிக்கும். வெட்டத் தெரிந்தவர் இதையெல்லாம் காதாலேயே எடைபோட வேண்டும். பேஸையே உயிராக வைத்து இசை செய்கிறவர்கள் அந்தக் கடைசிக் கட்டத்தை வேறு யாரிடமும் விடாமல் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

அங்கே நின்றபோதுதான் எனக்கு முழுப் படமும் தெரிந்தது. ஸ்டூடியோ சொந்தம், லேபிள் சொந்தம், வெட்டும் இயந்திரம் சொந்தம், விற்கும் கடையும் சொந்தம். பெரிய கம்பெனி எவரிடமும் போய் நிற்கத் தேவையில்லாத ஏற்பாடு. பேசிக் சேனலின் மரபு என்று எல்லோரும் அந்த மங்கலான ஒலியைச் சொல்கிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் ஒரு மென்பொருளில் அரை மணி நேரத்தில் போலி செய்துவிடலாம், செய்துகொண்டும் இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைப் போலி செய்ய முடியாது. இதைத்தான் அவர்கள் விட்டுச் சென்ற சொத்து என்று நினைக்கிறேன்.

அந்தச் சொத்தை அடுத்தவர்களுக்கும் பகிர்ந்தார்கள். 1995இல் ஆரம்பித்த செயின் ரியாக்‌ஷன் லேபிள் முழுக்க மற்றவர்களுக்கானது. பின்லாந்தின் விளாதிஸ்லாவ் டிலே, கிரேக்கத்தின் ஃப்ளக்ஸியன், ஜெர்மனியின் போர்ட்டர் ரிக்ஸ். ஜப்பானின் ஷினிச்சி அடோபே 2001இல் இங்கே ஒரே ஒரு தட்டு வெளியிட்டுவிட்டு மௌனமானார். 2014இல் இங்கிலாந்தின் டெம்டைக் ஸ்டேர் இருவர் குழு தங்கள் லேபிளில் அவருடைய ஆல்பத்தைக் கொண்டுவந்தது. பிறகு அவர் நிற்கவே இல்லை. போர்ட்டர் ரிக்ஸின் 'பயோகைனெடிக்ஸ்' 1996இல் வந்தது. கடலுக்கு அடியில் இன்ஜின் ஓடுகிற மாதிரியான இசை, இன்னும் யாரும் அதைத் தாண்டவில்லை என்பது என் கட்சி.

செயின் ரியாக்‌ஷனில் வந்த மோனோலேக் குழுவில் இருவர்: ராபர்ட் ஹென்கே, கெர்ஹார்ட் பேலெஸ். ஹென்கே தட்டு வெட்டும் கூடத்திலும் வேலை பார்த்தவர். பேலெஸ் 1999இல் மற்றவர்களோடு சேர்ந்து ஏபிள்டன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் உருவாக்கத்தில் ஹென்கேவுக்கும் பெரிய பங்கு. 2001இல் வெளிவந்த அவர்களுடைய லைவ் என்ற இசை மென்பொருள் இன்று சென்னை படுக்கையறை ஸ்டூடியோக்களில்கூட ஓடுகிறது. அதன் ஆரம்பப் பதிப்பை வைத்து சயான் என்ற பெயரில் இருவர், பேசிக் சேனல் தட்டுகளையே பிரித்துக் கோத்து 2002இல் ஓர் ஆல்பம் செய்தார்கள். வெளியிட்டது பெர்லின் கிளப்பான ட்ரெசோரின் லேபிள்.

அன்றிரவு ட்ரெசோருக்கும் போனேன். 1991இல் லைப்சிகர் தெருவில், இடிந்துபோன ஒரு பெரிய கடையின் நிலவறைப் பெட்டகத்தில் தொடங்கிய கிளப் அது. 2007 முதல் கோப்பெனிக்கர் தெருவில் பழைய மின்நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. புகை, இருட்டு, காது கிழியும் டெக்னோ. நல்ல இடம்தான், ஆனால் என் மனசு பகலில் கேட்ட அந்த ஒற்றைக் கார்டிலேயே இருந்தது, சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

எர்னெஸ்டஸ் பிறகு செனகலின் சபார் முரசுக்காரர்களோடு சேர்ந்துவிட்டார். அதற்கென்றே நடாக்கா என்ற லேபிளைத் தொடங்கினார். ஒஸ்வால்டுக்கு 2008இல் பக்கவாதம் வந்தது. மீண்டு வந்து தன் மூவர் குழுவைத் தொடர்ந்தார். 2015இல் வந்த ஆல்பத்தில் அவரோடு டிரம் வாசித்தவர் நைஜீரியாவின் டோனி ஆலன்.

கடையில் கிளம்பும் முன் 'குவாட்ரன்ட் டப்'பைத்தான் வாங்கினேன், புதுப் பதிப்பு. இந்த ஒன்பதையும் அருங்காட்சியகப் பொருளாக்கி விலையேற்ற அவர்களுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. தீரத் தீர மறுபடி அச்சடித்து, மற்ற புதுத் தட்டுகளின் விலைக்கே அவற்றைப் பெட்டியில் வைக்கிறார்கள். 1994இல் பிறந்தேயிராத ஒரு பையன் என் பக்கத்து டர்ன்டேபிளில் அந்த ஒன்பதில் இன்னொன்றான 'ரேடியன்ஸ்' கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் கல்லாவில் அதே விலைதான் கொடுத்தான்.