நூறு மதிப்பெண் பெற்ற பக்கத்தைக் காதால் கேட்டுப் பார்த்தபோது

எங்கள் கல்லூரி நூலகத்தின் இணையப் பக்கத்தை, குரோம் உலாவியிலேயே இருக்கும் லைட்ஹவுஸ் கருவி ஆய்ந்து அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிற தன்மைக்கு, நூற்றுக்கு நூறு என்று காட்டிய மாலையில், அந்தத் திரையைப் படமெடுத்து முதல்வருக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை, முதுகலை வரலாறு படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவர் என் மேசைக்கு வந்து, "மேடம், நூல் இரவல் விதிமுறைகள் என்று ஓர் இணைப்பு இருக்கிறது; திறந்தால் என்ன மொழியென்றே தெரியாமல் ஏதோ பேசுகிறது" என்றார்.

அதற்கு முந்தைய மூன்று வாரங்களும் நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. மின்னணு வடிவில் உள்ள தகவல்களும் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வதை எடுத்துக்காட்டி அனுமதி பெற்று, இணைய அணுகல்தன்மைக்கான உலகளாவிய நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.1 இன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள இரட்டை ஏ நிலையை இலக்காக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருந்தோம். தேடுபெட்டிக்குப் பெயர்ச்சீட்டு இல்லை, பூதக்கண்ணாடிப் படம் போட்ட பொத்தானுக்குப் பெயரே இல்லை, புதுவரவு நூல்களின் அட்டைப்படங்களுக்கு, படத்தைச் சொற்களில் சொல்லும் மாற்று உரை இல்லை என்று கருவி சுட்டிய குறைகளையெல்லாம் சரிசெய்தோம். வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறத்தில் இருந்த எழுத்துகளின் நிறமாறுபாடு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம், 2.85 தான், சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும் என்பதால் 767676 என்று மாற்றி, 4.54 பெற்று மயிரிழையில் தேறினோம். மதிப்பெண் வந்த வழி இதுதான்.

மாணவர் போன பிறகு, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைபடிப்பானை அலுவலகக் கணினியில் நிறுவினேன். இலவச மென்பொருள்தான் என்றாலும், இத்தனை ஆண்டுகளில் அதை நாங்கள் ஒருமுறைகூட இயக்கிப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விண்டோஸில் கிடைக்கும் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வள்ளுவர் எங்கள் விதிமுறைப் பக்கத்தை எப்படி வாசிக்கிறார் என்று கேட்க உட்கார்ந்தேன். தலைப்பில் "நூலகம்" என்ற சொல்லின் மேல் அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்தபோது காதில் விழுந்தது "ஈ, ரைட் பிரேஸ், ஒய், எஃப், கே, செமி" என்பதாகும். திரையில் அழகான தமிழாகத் தெரிந்த அந்தப் பக்கம் முழுவதும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருப்பார்கள். ஆகவே கண்ணுக்குத் தெரிவது தமிழ், கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும். தானியங்கிக் கருவிக்கு அது எழுத்து, திரைபடிப்பானுக்கும் அது எழுத்து, ஆனால் இரண்டுக்கும் அது தமிழ் அல்ல. தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக்குறியீடுகள் கொண்ட ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது 2010 இல். எங்கள் விதிமுறைகளோ அதற்கு முன்பு தட்டச்சு செய்யப்பட்டு, ஆண்டுதோறும் அபராதத் தொகையை மட்டும் மாற்றி, அப்படியே தொடர்ந்து வந்திருந்தன.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை என்பது பிறகுதான் உறைத்தது. பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால், தமிழாக விழுந்தால் ஒருங்குறி, கலவையாக விழுந்தால் பழைய எழுத்துரு. இந்தச் சோதனையை நூலகப் பணியாளர் நால்வருக்கும் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அதே முறையில் பிடிஎஃப் கோப்புகளைப் பார்த்தபோது இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது: ஒருங்குறியில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கிய சில கோப்புகளிலும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யோடு சேராமல் தனித்து விழுந்து, "கொடுக்கப்படும்" என்ற சொல் துண்டு துண்டாக ஒலித்தது. அதற்குப் பின், விதிமுறை, நேரம், அபராதம் போன்றவற்றைப் பிடிஎஃப் ஆக இடுவதையே நிறுத்திவிட்டுச் சாதாரண இணையப் பக்கங்களாக எழுதிவிட்டோம். என்னைக் கேட்டால், ஒரு பக்க அறிவிப்பைப் பிடிஎஃப் ஆக்கும் வழக்கம் முத்திரையும் கையொப்பமும் தெரிய வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததே தவிர, படிப்பவருக்காகப் பிறந்ததல்ல.

ஒருங்குறிக்கு மாற்றிய பிறகும் குரல் சரியாகவில்லை. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலின் முதல் வரியிலேயே குறிக்கப்பட்டிருந்ததால், என்விடிஏ அதை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறிக்கொண்டிருந்தது. மொழி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே கருவி பார்க்கிறது. குறித்த மொழியும் எழுதிய மொழியும் ஒன்றுதானா என்று அது பார்ப்பதில்லை. இரண்டெழுத்துக் குறியை மாற்றியதும் வள்ளுவர் தெளிவாகப் பேசத் தொடங்கினார்.

அதன்பின் வியாழக்கிழமை தோறும் மாலை ஒரு மணி நேரம், திரையை அணைத்துவிட்டு, சுட்டியைக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிட்டு, மூன்று வேலைகளைச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்: ஒரு நூலைத் தேடுவது, அது அலமாரியில் இருக்கிறதா என்று அறிவது, இரவல் தவணையைப் புதுப்பிப்பது. முதல் வாரம் நால்வரில் ஒருவராலும் மூன்றையும் முடிக்க முடியவில்லை. டேப் விசையை அழுத்த அழுத்த, தானாகவே ஓடிக்கொண்டிருந்த புதுவரவுப் படங்களிலேயே சிக்கிக்கொண்டோம். ஐந்து வினாடிக்கு மேல் தானாக நகர்வதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது நெறிமுறை, எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழியும் இல்லை. அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டோம். எச் விசையை அழுத்தினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம் என்று படித்திருந்தோம். ஆனால் எங்கள் தலைப்புகள் வெறும் தடித்த எழுத்துகளாகவே இருந்ததால் தாவ ஓரிடமும் கிடைக்கவில்லை. திரையை இயக்கிப் பார்த்தபோதும், விசை எந்த இணைப்பில் நிற்கிறது என்று காட்டும் கட்டத்தை, பார்க்க அழகில்லை என்று யாரோ நீக்கியிருந்தது தெரிந்தது. பக்கத்தை 400 விழுக்காடு பெரிதாக்கியபோது "புதுப்பித்தல்" என்ற சொல் பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டது; ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்து செய்த பொத்தான் அது.

கோஹா என்ற நூலக மென்பொருளில் உள்ள எங்கள் நூற்பட்டியல் தனிக்கதை. தமிழ் நூல்களின் தலைப்புகளை ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துப் பதிவது எங்கள் பழைய வழக்கம் என்பதால், "சோழர்" என்று தேடியவருக்கு ஒன்றும் அகப்படவில்லை, கிடைத்த பதிவுகளையும் ஆங்கிலக் குரல் கடித்துத் துப்பியது. தமிழ் வடிவத்தை, நூற்பதிவுக்கான மார்க் வடிவமைப்பில் வேற்று எழுத்து வடிவத்துக்கென உள்ள 880 புலத்தில் சேர்த்து வருகிறோம். ஒலிபெயர்ப்பில் ஒரே சொல்லுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு அந்த மாணவரையே அழைத்து, அவர் பழகிய வேகத்தில், அதாவது எங்கள் காதுக்கு ஓர் இரைச்சலாக மட்டுமே கேட்ட வேகத்தில், தளத்தைச் சோதிக்கச் சொன்னோம். மூன்று வேலைகளையும் முடித்துவிட்டு, "பழைய வினாத்தாள் எங்கே மேடம்?" என்று கேட்டார். அவை அனைத்தும் ஸ்கேன் செய்த படங்கள். படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் தமிழைத் தேர்ந்து ஓட்டி, பிழைதிருத்தி, பக்கங்களாக ஏற்றத் தொடங்கினோம். வரலாறு முடிந்து இப்போது பொருளியலில் இருக்கிறோம். அங்கே வரைபடங்கள் வருகின்றன. "கீழ்க்காணும் படத்தில் தேவைக்கோட்டின் மாற்றத்தை விளக்குக" என்ற வினாவுக்கான படத்தில், கோடு வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று நான் முதலில் எழுதிய மாற்று உரையைத் துறை ஆசிரியர் அடித்துவிட்டார். அப்படி எழுதினால் விடையையே சொல்லிக் கொடுத்ததாகிவிடும் என்றார். அச்சுகளின் பெயரையும், இரு கோடுகளும் கடந்து செல்லும் புள்ளிகளின் எண்களையும் மட்டும் தருவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.