கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு இன்றோடு ஆதரவு முடிகிறது. என் மடிக்கணினி 11-ஐ ஏற்காது, சிப் பழசாம். நன்றாக ஓடுகிற மெஷினை எடைக்குப் போட மனசு வரவில்லை. அக்கா மகன் சொல்லிச் சொல்லி, டெபியன் 13 என்ற லினக்ஸ் போட்டாயிற்று. வைஃபை முதல் தடவையே கிடைத்தது. இதை இங்கே குறித்து வைக்கிறேன். இனி எழுதப்போவதெல்லாம் புலம்பல்தான்.

அக்டோபர் 15, புதன்

புத்தகங்களின் கடைசியில் வரும் சொல்லடைவு தயாரிப்பது என் பிழைப்பு. அதற்குப் பைத்தான் மொழியில் நானே எழுதிக்கொண்ட நிரல் ஒன்று உண்டு. பைத்தானோடு வரும் தேடல் கருவிக்கு உயிர்மெய் புரியாது. ‘தமிழ்’ என்று கொடுத்து, சொல்லைப் பிரித்துக் கொடு என்றால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு தரும். மேல்விலங்கும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. அதனால் ‘ரெஜெக்ஸ்’ என்ற வெளித் தொகுப்பு வேண்டும்.

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் என்ற கருவி வைத்து நிறுவப் போனேன். மாட்டேன் என்றது. இந்தப் பைத்தான் ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்றது. வெளியில் யார்? வீட்டில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். தனிச் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொள் என்றது. உருவாக்கப் போனால், அதற்கு முதலில் இன்னொரு பொதியை நிறுவு என்றது. தாலுகா ஆபீஸ் மாதிரி ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னல்.

காரணம் நியாயமானதுதான். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானில் ஓடுகின்றன. நான் அதில் கைவைத்தால் அவை படுத்துவிடும். டெபியனில் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்தே இந்தப் பூட்டு இருக்கிறது. மீறிப் போகவும் வழி உண்டு. அந்தக் கட்டளையின் பெயரே ‘சிஸ்டம் பொதிகளை உடை’. இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்தவரைக் கும்பிட வேண்டும். கை அதை நோக்கிப் போனது, இழுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

எல்லாக் கோப்பையும் வரிசையாக ஓட்டும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைப் பட்டியல், ஒன்று உண்டு. விண்டோஸிலேயே, கட்டளைகளை இயக்கும் பேஷ் என்ற நிரலை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இங்கே: ‘இயக்க முடியவில்லை, தேவையான கோப்பைக் காணோம்.’ எந்தக் கோப்பு? சொல்லாது. ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கிறது. ஒரு மணி நேரம் போயிற்று.

விஷயம் வரி முடிவில் இருந்தது. அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்ட். வரி முடிந்ததும் டைப்ரைட்டரின் நெம்புகோலைத் தள்ளுவார். காகிதம் ஒரு வரி மேலே ஏறும், வண்டி வலப்பக்கம் ஓடி வரித் தொடக்கத்துக்கு வரும். இந்த இரண்டு அசைவையும் விண்டோஸ் இன்னும் இரண்டு குறிகளாக, 13, 10 என்று எழுதிவைக்கிறது. லினக்ஸ் போல யூனிக்ஸ் வழியில் வந்தவற்றுக்கு 10 மட்டும் போதும். என்னை பேஷ் வைத்து ஓட்டு என்று ஸ்கிரிப்டின் முதல் வரி சொல்கிறது. அதன் கடைசியில் மிச்சமிருக்கும் 13-ஐயும் சேர்த்து ‘பேஷ்+13’ என்று ஒரு நிரலை லினக்ஸ் தேடியிருக்கிறது. அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. டாஸ்2யூனிக்ஸ் என்ற கருவி ஒரு நொடியில் சரிசெய்தது.

அக்டோபர் 20, தீபாவளி

அக்கா மகன் வந்திருந்தான். கோப்புகளில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் என்ற கருவியின் ஸ்டேட்டஸைக் காட்டினேன். கோப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் \340\256\205 என்று ஆரம்பித்து முழ நீளத்துக்கு எண்கள்.

“டிஸ்க் போச்சாடா?”

“இல்ல மாமா, இது உங்க ‘அடைவு’ கோப்புதான். முதல் மூணு எண்ணும் சேர்ந்தா ‘அ’.”

ஆங்கிலம் அல்லாத பெயர்களைக் கிட் இப்படித்தான் காட்டும், நீங்கள் வேண்டாம் என்று சொல்லும்வரை. க்வோட்பாத் என்ற அமைப்பை அணைத்தான், தமிழ் வந்தது. நம் எழுத்து ஒழுங்காகத் தெரிய நாம்தான் விண்ணப்பம் போட வேண்டுமா என்று கேட்டேன். முறுக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்டோபர் 22, புதன்

போகும்போது கிட்டுக்கு எடிட்டராக விம்மை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதிலிருந்து வெளியேறும் வழி கேட்ட ஒரு கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2017-க்குள் பத்து லட்சம் தடவை பார்த்திருந்தார்கள். அந்த வழி எனக்குத் தெரியும், க்யூ என்ற கட்டளை. ஆனால் விசைப்பலகை தமிழ்99-இல் இருந்தது. க்யூ தட்டினால் ‘ஆ’ வருகிறது. ‘ஆ’ என்று ஒரு கட்டளை இல்லை என்றது விம். நானும் அதையேதான் சொன்னேன். இப்போது ‘நானோ’ என்ற வேறு எடிட்டருக்கு மாறிவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

அடைவில் ‘கொற்கை’ இரண்டு தடவை. ஒன்றில் ஐந்து பக்க எண்கள், இன்னொன்றில் மூன்று. கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் பார்த்துப் பிரயோஜனமில்லை. அது கட்டம் கட்டமாக எழுதுகிற சாதனம். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். எடிட்டரில் திறந்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றே.

கடைசியில் ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் குறியெண்களை அச்சிட்டுப் பார்த்தேன். ஒன்றில் ‘ொ’ ஒரே குறி. மற்றதில் கொம்பும் காலும் தனித்தனி. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய இரண்டு அத்தியாயங்களில் மட்டும் இப்படி. பழியை லினக்ஸ் மேல் போட முடியாது. விண்டோஸிலும் இதே கூத்துதான் நடந்திருக்கும். பைத்தானில் யூனிகோடை இயல்பாக்கும், அதாவது இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும், ஒரு வரி சேர்த்தேன். ஒரே கொற்கை, எட்டுப் பக்கங்கள்.

டெர்மினலில் மட்டும் கொற்கையின் கொம்பு இன்னும் விலகியே நிற்கிறது. பிடிஎஃப்பில் சரியாக இருக்கிறது. ராத்திரி பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.