ரெண்டரை வயசு, 89 செ.மீ., ரெண்டு பூங்கா

சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸா, ஹாங்காங் டிஸ்னிலேண்டா என்று வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். பாப்பாவுக்கு ரெண்டரை வயசு, கதவோரமாக நிறுத்தி அளந்தால் 89 செ.மீ., அதுவும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள் என்று எனக்குச் சந்தேகம்.

உயரம்தான் இங்கே எல்லாமே. யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ. வேண்டும், கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. அதாவது அங்கே பெயர் பெற்ற ரைடுகளை அவள் என் இடுப்பில் உட்கார்ந்து வெளியே நின்று வேடிக்கைதான் பார்க்கவேண்டும். டிஸ்னிலேண்டிலும் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டருக்கு 102தான், ஆனால் டம்போ யானை, குடை ராட்டினம் மாதிரி சுற்றும் குதிரைகள், பொம்மைகள் பாடும் படகுச் சவாரி, இதற்கெல்லாம் உயரக் கட்டுப்பாடே இல்லை. எங்களுக்கு ஆசை வந்தால் ஒருவர் குழந்தையோடு நிற்க, மற்றவர் போய்வந்து மாற்றிக்கொள்ள ரைடர் ஸ்விட்ச் இருக்கிறது.

டிக்கெட்டா? ரெண்டு இடத்திலும் இந்த வயசுக்கு இலவசம். சிங்கப்பூரில் 4 வயசு ஆகும் வரை, ஹாங்காங்கில் 3 ஆகும் வரை, அதனால் தள்ளிப்போட்டால் ஹாங்காங்குக்கு மட்டும் பர்ஸ் திறக்கும்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம், இட்லியும் கிடைக்கும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். சரி, இட்லி மாவை விட டம்போ முக்கியம் என்று ஹாங்காங்குக்கே டிக்கெட் போட்டுவிட்டோம். மதியம் ஒரு மணிக்கு இவள் தூங்கிவிடுவாள், அப்போது ஸ்ட்ரோலரைத் தள்ளப்போவது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.