மூன்று எடிட்டர்களும் தமிழ் விசைப்பலகையும்

காத்தான்குடிக் கடையொன்றிற்கான பற்றுச்சீட்டு மென்பொருளைக் கல்லடியில் வீட்டிலிருந்தபடியே எழுதிக்கொண்டிருக்கிறேன். திரையில் தோன்றும் ஆங்கிலச் சொற்களையெல்லாம் தமிழாக்கத் தொடங்கிய அன்றுதான், பல ஆண்டுகளாக என் கைக்குப் பழகிய, நிரல் எழுத உதவும் விம் எடிட்டர் தமிழுக்கு முன்னால் தடுமாறுவதைக் கண்டேன்.

இத்தகைய திருத்த வேலைக்கு விம்மை மிஞ்சிய கருவியை நான் அறியேன். கட்டளைநிலையில் சி, ஐ, மேற்கோள்குறி ஆகிய மூன்று விசைகளைத் தட்டினால், நிரலில் மேற்கோளுக்குள் இருக்கும் அந்தச் சொற்கள் முழுவதும் நீங்கி, புதியதை எழுத எழுதுநிலை திறந்துவிடும். எழுதுவதற்கு ஒரு நிலை, கட்டளையிடுவதற்கு இன்னொரு நிலை என்ற பிரிவு 1976 இல் பில் ஜோய் உருவாக்கிய விஐ எடிட்டரிலிருந்து வந்தது. அவர் பயன்படுத்திய முனையத்தில் (கணினியோடு இணையும் திரையும் விசைப்பலகையும்) எச், ஜே, கே, எல் விசைகளின்மேல் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தமையால், 1991 இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம்மிலும் நாம் அவற்றைக் கொண்டே நகர்கிறோம்.

ஆனால் தமிழ்ச் சொல்லை எழுதி முடித்து, கட்டளைநிலைக்குத் திரும்ப எஸ்கேப் விசையை அழுத்திய பின்னரும் கணினியின் விசைப்பலகை தமிழிலேயே நிற்பதால், கீழிறங்க நான் தட்டும் ஜே, விம்முக்குத் தமிழ் எழுத்தாகவே போய்ச் சேர்கிறது. கட்டளைநிலையில் அந்த எழுத்துக்கு வேலையில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் இருமுறை மொழி மாற்றினால் விம்மின் வேகமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நிலைகள் கிடையா; கட்டளைகள் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு சேர்ந்து வருகின்றன. தமிழ் உள்ளீட்டு முறையும் எடிட்டருக்குள்ளேயே இருப்பதால், கணினியின் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்கலாம். லிஸ்ப் என்ற நிரல்மொழியால் எதையும் மாற்றியமைக்கலாம் என்பதும் அதன் பெருமை. எனினும் அந்த விசைச் சேர்க்கைகள் என் விரல்களுக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

என்னோடு வேலை செய்யும் இளையவர்கள் 2015 இல் வந்த விசுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டரை விரும்புகிறார்கள். அதன் பொருட்டு உருவான மொழிச் சேவையக நெறிமுறை (எடிட்டரும் நிரல்மொழிக் கருவியும் பேசிக்கொள்ளும் முறை) 2016 இல் பொதுவில் வந்தபின், பிழைகாட்டலும் சொல்நிரப்பலும் மற்றைய எடிட்டர்களுக்கும் கிடைத்துவிட்டன. ஆகவே இன்று எடிட்டரைத் தெரிவுசெய்வது, என் பார்வையில், பெரும்பாலும் கைகளின் பழக்கத்தைப் பற்றியதே.

நான் விம்மை விடவில்லை. விசைகளை வேறு எழுத்துகளாக மாற்றும் அதன் கீமேப் வசதி, எழுத்துகளை உள்ளிடும்போது மட்டும் இயங்குவது; கட்டளைகளைத் தொடாது. எஸ்கேப்பை அழுத்தியவுடன் விசைகள் தாமாகவே ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் தமிழ் விசையமைப்புக்கு அத்தகைய கோப்பொன்றை எழுதி வருகிறேன். உயிர்மெய்கள் முடிந்துவிட்டன, கிரந்த எழுத்துகள் மாத்திரம் மீதமிருக்கின்றன.