வெர்டன்: எலும்பு மண்டபத்துக்கு முன்னால் அந்தச் சாலையைப் பாருங்கள்

பாரிஸிலிருந்து காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம் என்று, வடகிழக்குப் பிரான்சில் முதல் உலகப் போரின் பெரும் போர்க்களமான வெர்டனைப் பற்றிச் சொல்வார்கள். போய்வரலாம்தான், ஆனால் செலவழித்த யூரோவுக்குப் பாதிகூடப் பார்க்க முடியாது. பாரிஸின் பாரி எஸ்ட் நிலையத்திலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயில் ஒரு மணி நேரத்தில் மியூஸ் டிஜிவி நிலையத்தில் இறக்கிவிடும். அது ஊருக்கு வெகு தெற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்கு இணைப்புப் பேருந்தில் அரை மணி நேரம். பேருந்து ரயில் நேரத்தை ஒட்டித்தான் ஓடும், விட்டால் அடுத்த ரயில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊர் வந்த பிறகும் போர்க்களம் வந்துவிடாது, அது வடகிழக்கே இன்னும் 10 கிலோமீட்டர் மேட்டில் இருக்கிறது. ஓர் இரவு தங்குங்கள்.

பட்ஜெட்டைக் காலி செய்வது அந்தக் கடைசி 10 கிலோமீட்டர்தான். பிரான்சில் டாக்ஸி மீட்டருக்கு நான்கு கட்டண வகைகள் உண்டு. ஏ, பி இரண்டும் வண்டி ஆளோடு திரும்பும் பயணத்துக்கு. சி, டி இரண்டும் உங்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பயணத்துக்கு. இதில் கிலோமீட்டர் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு. பி, டி என்றால் இரவு அல்லது ஞாயிறு. எனவே ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலில் இறங்கி, மாலையில் இன்னொரு டாக்ஸியைக் கூப்பிட்டால் உச்சக் கட்டணம் உறுதி. கிளம்பும்போது மீட்டரில் எந்த எழுத்து எரிகிறது என்று பாருங்கள். மூன்று நான்கு பேர் இருந்தால் வாடகைக் கார்தான் மலிவு. தனியாள் என்றால் சைக்கிள் போதும். ஊர் சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, போர்க்களத்து மேட்டிலுள்ள துவோமோன் கோட்டை 388 மீட்டரில். ஏற்றம் நீளமானது, ஆனால் மூச்சை முட்டாது. மேலே போய்விட்டால் எல்லாம் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும், வோ கோட்டை மட்டும் சற்றுத் தள்ளி.

கார் எடுப்பவர்கள் நேரே போர்க்களத்துக்குப் போகாதீர்கள். தெற்கே பார்-லெ-டுக்கிலிருந்து வாருங்கள். அந்தச் சாலையின் எண்ணே 1916, பெயர் 'புனிதப் பாதை'. ஓரத்து மைல்கற்களின் தலையில் பிரெஞ்சுச் சிப்பாயின் இரும்புத் தொப்பி இருக்கும். இந்த ஊரில் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன். 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மன் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியபோது, வெர்டனுக்கு வந்த அகலப் பாதை ரயில்கள் இரண்டும் உதவாமல் போயிருந்தன. ஒன்றை சாந்த்-மியேலில் 1914லேயே எதிரி அறுத்துவிட்டான், இன்னொன்று அவன் குண்டு எட்டும் தூரத்தில் இருந்தது. மிஞ்சியவை ஒரு குறுகிய பாதை ரயிலும் 7 மீட்டர் அகலச் சாலையும்தான். அந்தச் சாலையில் 3,000க்கும் மேற்பட்ட லாரிகள் இரவும் பகலும் ஓடின, சராசரியாக 14 விநாடிக்கு ஒன்று. குதிரை வண்டிக்கும் கால்நடையாகப் போகும் படைக்கும் சாலையில் இடமில்லை, அவர்கள் வயல்வழியே போனார்கள். லாரி நின்றுபோனால் இழுத்துச் சரிசெய்யும் பேச்சே கிடையாது, பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். பனி உருகிச் சாலை குழம்பானபோது பக்கத்துக் குவாரிகளில் கல் உடைத்து, ஓடும் லாரிகளுக்கு இடையிலேயே வாரிப் போட்டார்கள். திட ரப்பர் டயர்களே ரோடு ரோலர் வேலையைச் செய்தன.

வெர்டன் நின்றது இதனால்தான். வீரத்துக்குக் குறைவில்லை, ஆனால் கல்லும் பெட்ரோலும் கால அட்டவணையும் இல்லாமல் அந்த வீரம் இரண்டு வாரம் தாங்கியிருக்காது. வெர்டனைக் காத்த பிரெஞ்சுத் தளபதி பெத்தான் படைப்பிரிவுகளை இதே சாலையில் சுழற்சி முறையில் ஏற்றி இறக்கினார். பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி வெர்டனை மிதித்துத் திரும்பியது இப்படித்தான். அதனால்தான் இந்தப் பெயர் பிரான்சின் ஒவ்வொரு ஊர் நினைவிலும் தங்கியது. 1940இல் தோல்விக்குப் பின் நாடு அதே பெத்தானிடம் தன்னை ஒப்படைத்ததற்கும் இந்த நினைவு ஒரு காரணம்.

துவோமோன் கோட்டைக்குள் கோடையிலும் 12 டிகிரி குளிர்தான், சுவெட்டர் இல்லாமல் நுழையாதீர்கள். தரை எப்போதும் ஈரம், வழுக்காத காலணி வேண்டும். 1871இல் ஜெர்மனியிடம் அல்சாஸ்-லொரேன் பகுதி பறிபோய் எல்லை இந்தப் பக்கம் நகர்ந்ததால்தான் இங்கே கோட்டை வளையம் கட்டினார்கள். 1914இல் பெல்ஜியத்துக் கோட்டைகள் நொறுங்கியதைப் பார்த்துவிட்டு, கோட்டையே வீண் என்று முடிவுகட்டி, ஆளையும் நகர்த்த முடிந்த பீரங்கிகளையும் எடுத்துவிட்டார்கள். 1916 பிப்ரவரி 25 அன்று ஜெர்மானியர் உள்ளே நுழைந்தபோது இருந்தது சுமார் 60 பேர். திரும்பப் பிடிக்க அக்டோபர் 24 ஆயிற்று, பிடித்தது மொராக்கோ காலனியக் காலாட்படை.

உள்ளே அவசரப்படாமல் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் கோபுரத்தின் அடியில் நில்லுங்கள். எதிர் எடை வைத்து, டன் கணக்கான உருக்குத் தொப்பியை ஆட்களே கையால் மேலே தூக்கிச் சுட்டுவிட்டு உடனே கீழே இறக்கும் பொறி அது. பிறகு கூரைக்கு ஏறி அதே தொப்பியை வெளியிலிருந்து பாருங்கள், குண்டு பட்ட தழும்புகளை விரலால் தடவலாம். இவ்வளவு அடி வாங்கியும் கான்கிரீட் தாங்கியதைப் பார்த்துத்தான் பின்னால் ஜெர்மன் எல்லையோரக் கோட்டைத் தொடரான மாஜினோ அரணுக்குக் கோடிகளைக் கொட்டினார்கள். ஆனால் 1940 ஜூனில் ஜெர்மானியரிடம் வெர்டன் ஓரிரு நாளில் விழுந்தது.

போரில் இறந்தவர்களின் எலும்புகளைச் சேர்த்துவைத்த எலும்பு மண்டபத்தில் கோபுரத்துக்கும் படத்துக்கும்தான் டிக்கெட். முன்னாலுள்ள 16,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைப் பார்க்கக் காசில்லை. மெக்காவை நோக்கித் திருப்பி வைத்த முஸ்லிம் சிப்பாய்களின் கல்லறைகளும் அங்கே உண்டு. கட்டடத்தின் பின்புறம் தரையோடு ஒட்டிய சின்ன ஜன்னல்கள் வழியே குனிந்து பார்த்தால் எலும்புக் குவியல் தெரியும். இரு தரப்பையும் சேர்ந்த, பெயர் தெரியாத சுமார் 1,30,000 பேர். எந்த எலும்பு எந்த நாட்டவனுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. 1984இல் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் கோலும் கைகோத்து நின்ற இடம் இந்தக் கல்லறைத் தோட்டம்.

ஃப்ளூரிக்குக் கட்டாயம் நடந்து போங்கள், நுழைவு இலவசம். 400 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். இன்று பள்ளமும் மேடுமான புல்தரையில் 'ரொட்டிக் கடை', 'பள்ளி' என்று அடையாளக் கம்பங்கள் மட்டும். இப்படி அழிந்த ஒன்பது ஊர்களில் ஆறு மீண்டும் கட்டப்படவே இல்லை. ஆனாலும் சட்டப்படி ஊர் உயிரோடு இருக்கிறது, மேயரும் உண்டு. ஓட்டுப் போட ஆளில்லாததால் அரசே நியமிக்கிறது.

சுற்றியுள்ள காடு போருக்குப் பின் நட்டது. உழ முடியாத அளவுக்கு மண்ணில் வெடிக்காத குண்டுகள், அதனால் மரம் வைத்தார்கள். குறியிட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். துருப்பிடித்த எதையும் காலால்கூடத் தொடாதீர்கள், நச்சு வாயுக் குண்டுகளும் கிடக்கின்றன. ஞாபகார்த்தமாக ஒரு துண்டை எடுத்துவருவதும், மெட்டல் டிடெக்டரோடு அலைவதும் சட்டப்படி குற்றம்.

சாப்பாட்டை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடைகளை நம்ப முடியாது. பேக்கரிகள் மதியம் மூடும், திங்கள்கிழமை பலது திறக்காது. கீஷ் லொரேன் மலிவு, வயிறும் நிறையும். சைவர்கள் கவனிக்க, அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் போனால் மிராபெல் என்ற மஞ்சள் பிளம் போட்ட டார்ட் கிடைக்கும், காசு பார்க்காமல் வாங்குங்கள். குளிர்காலத்தில் கோட்டைகளைச் சில வாரம் மூடுவது வழக்கம், ரயில் டிக்கெட் போடும்முன் திறந்திருக்கும் தேதியைப் பார்த்துவிடுங்கள்.