பிலாட்டீஸ் ஆசிரியர் தேர்வு: படிவத்தின் மூன்றாவது வரி

பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சி முறையைக் கற்பிக்கும் ஆசிரியருக்கான என் முதல் செய்முறைத் தேர்வு தொடங்கிச் சில நிமிடங்களிலேயே நின்றுபோனது. நான் பயிற்சி கொடுத்துக் காட்டுவதற்கு மாடலாக வந்திருந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கிக் கைகளை அசைக்கும் ஹண்ட்ரட் முடிந்து, அடுத்தது படுத்த நிலையிலிருந்து சுருண்டு எழும் ரோல் அப். "கை ரெண்டையும் மேலே கொண்டு போங்கம்மா, மூச்சை விட்டுக்கிட்டே ஒவ்வொரு எலும்பா சுருண்டு எழுந்து வாங்க" என்று ஆரம்பித்தேன். தேர்வாளர் கையை உயர்த்தினார். "படிவத்தை இன்னொரு தடவை பாருங்கள்" என்றார். அந்த அம்மாவின் உடல்நலப் படிவத்தில் மூன்றாவது வரியில் இருந்தது: எலும்பு அடர்த்திப் பரிசோதனை, முதுகெலும்பில் டி-ஸ்கோர் மைனஸ் 2.8.

அந்த வரியைத் தேர்வு தொடங்கும் முன்பே படித்திருந்தேன். மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை என்று எழுத்துத் தேர்வில் சரியாகக் குறித்தும் இருந்தேன். ஆனால் பயிற்சிப் பாயின் பக்கத்தில் நின்றதும், மனப்பாடம் செய்த வரிசைதான் வாயிலிருந்து வந்தது. ஹண்ட்ரடிலேயே தலையைத் தூக்க வைத்திருக்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தும் அன்று இரவு நான் தூங்கவில்லை.

இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வரிசையை மனப்பாடம் செய்வது வேலையின் சிறு பகுதி. இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1945-இல் வெளியிட்ட, பாய் விரித்துத் தரையில் செய்யும் 34 மேட் பயிற்சிகளையும் அதே ஒழுங்கில் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், மறுப்பில்லை. அந்த ஒழுங்கு உங்கள் உடம்புக்கு நல்லது செய்யும். ஆனால் அந்த 34-இல் பாதிக்கு மேல் முன்னோக்கிக் குனிபவை, சுருள்பவை. எதிரில் படுத்திருப்பவருக்கு அது ஆகுமா என்பதை ஒழுங்கு சொல்லாது. நாம்தான் பார்க்க வேண்டும். ரிஃபார்மர், கேடிலாக், சேர், பேரல் என்று பிலாட்டீஸ் இத்தனை கருவிகளைச் செய்து வைத்ததே, எல்லா உடம்பும் ஒரே வாசல் வழியாக உள்ளே வர முடியாது என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது முறை படித்தபோது நோய்களின் பட்டியலை மூடி வைத்துவிட்டேன். ஒவ்வொரு பயிற்சிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, நான்கே கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். முதுகெலும்பு எந்தப் பக்கம் வளைகிறது அல்லது முறுக்குகிறது? உடல் எடை எந்த மூட்டில் இறங்குகிறது? தலை இதயத்துக்குக் கீழே போகிறதா? எவ்வளவு நேரம் மல்லாந்து படுக்க வேண்டியிருக்கிறது? இந்த நான்கும் தெரிந்துவிட்டால் யாருக்கு ஆகாது என்பது தானாக வந்து விழும். ரோல் ஓவரில் தலை கீழே, கால் மேலே, எடை முழுதும் கழுத்தருகே. கண் அழுத்த நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கழுத்துப் பிரச்சினை, எலும்புப்புரை என்று நான்கு பேருக்கும் வேண்டாம் என்பதைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

முதுகுவலியைப் பற்றிய கேள்விகளில் பலர் தடுமாறுவதும் இதனால்தான். டிஸ்க் பிதுங்கியவருக்குப் பெரும்பாலும் குனியும்போது வலி கூடும். முதுகுத்தண்டுக் கால்வாய் சுருங்கியவருக்கோ நிமிர்ந்து பின்னால் வளையும்போது வலி கூடும், குனிந்தால் இதமாக இருக்கும். இருவரும் வந்து "கீழ் முதுகு வலி" என்றுதான் சொல்வார்கள். ஒருவருக்கு, குப்புறப் படுத்து மார்பை உயர்த்திப் பின்னால் வளையும் ஸ்வான் மருந்து மாதிரி, மற்றவருக்கு அதுவே வினை. "எப்போது கூடுகிறது, எப்படி இருந்தால் குறைகிறது?" என்று கேட்காமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

எலும்புப்புரைக்குத் திரும்ப வருகிறேன், என்னைத் தோற்கடித்த பாடம் அது. முள்ளெலும்பின் முன்பகுதி பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது. அடர்த்தி குறைந்திருக்கும்போது குனிந்தால் சுமை அந்த முன்விளிம்பில் போய் அமரும். எலும்பு ஆப்பு வடிவத்தில் நசுங்கலாம், சில சமயம் வலிகூடத் தெரியாமல். 1984-இல் சினாகி, மிக்கெல்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள 59 பெண்களைப் பார்த்தார்கள். முன்னே குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. பின்னே நிமிரும் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த இரண்டு எண்களைப் படித்த நாளிலிருந்து, வயதான பெண்களுக்கு ரோல் அப் சொல்ல என் நாக்கு எழுவதில்லை.

அப்படியானால் அவர்களுக்கு என்னதான் கொடுப்பது? நிறைய இருக்கிறது. குப்புறப் படுத்து மார்பை மட்டும் லேசாக உயர்த்துவது, நான்கு காலில் நின்று எதிர்க் கையும் காலும் நீட்டுவது, பக்கவாட்டில் படுத்துக் கால் வேலை, சுவரருகே ஒற்றைக்காலில் நின்று சமநிலை. இவற்றுக்கெல்லாம் முன்னால் நான் கற்றுக்கொடுப்பது ஒரு கம்பு வித்தை. நீளமான கம்பை முதுகோடு நிறுத்துங்கள். பின்னந்தலை, மேல் முதுகு, வால் எலும்புக்கு மேலே இருக்கும் திரிகம் என மூன்று இடம் கம்பைத் தொட வேண்டும். மூன்றும் விலகாமல் இடுப்பு மூட்டில் மடங்கி முன்னே சாய வேண்டும். முதல் நாள் எல்லோருக்கும் வால் பக்கம் விலகும். பிடிபட்டுவிட்டால் பாத்திரம் தூக்குவதும், செருப்பு மாட்டுவதும், பேரக்குழந்தையைத் தூக்குவதும் முதுகை வளைக்காமலே நடக்கும்.

கர்ப்பிணிகள் பற்றிக் கேள்வி கட்டாயம் வரும். முதல் மூன்று மாதம் கடந்தபின் நீண்ட நேரம் மல்லாந்து படுக்க வைக்காதீர்கள். கருப்பையின் எடை உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை அழுத்தும், தலை சுற்றும். பக்கவாட்டில், உட்கார்ந்து, நான்கு காலில், அல்லது முதுகுக்குச் சாய்வான தலையணை வைத்து என்று மாற்றுங்கள். மூச்சை அடக்க விடாதீர்கள். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவு போதும். ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, தலைச்சுற்றல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வலி, விட்டுவிட்டு வயிறு இறுகுவது, இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தயங்காமல் எழுத வேண்டிய பதில் இது.

பிரசவத்துக்குப் பிந்தைய உடம்பை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அண்ணி. குழந்தை பிறந்து நான்கு மாதம், மருத்துவர் உடற்பயிற்சிக்குச் சரி சொல்லியிருந்தார். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேலே நட்டநடுவில் கூரை முகடு போல ஒரு மேடு எழுந்தது. "இது என்ன, இப்படி நிக்குது?" என்று அவரே பயந்துபோனார். இரண்டு பக்க வயிற்றுத் தசைகளுக்கு நடுவே உள்ள நார்ப்பட்டை நெகிழ்ந்திருந்தது. தலையை இறக்கி, மூச்சை வெளியே விடும்போது இடுப்புத்தளத் தசைகளை மெல்ல மேலே இழுக்கச் சொல்லி, ஒரு காலை மட்டும் தரையில் சறுக்கி நீட்ட வைத்தேன். மேடு எழவில்லை. அதுதான் அன்றைக்கு அவருடைய எல்லை. மேடு எழாத இடம் வரைதான் பயிற்சி, எழுந்தால் ஒரு படி கீழே. பல பக்கம் படித்தும் பிடிபடாதது, அந்த ஒரு வயிற்றைப் பார்த்ததும் புரிந்தது.

ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடிக்கும் நகரும் வண்டி உள்ள கருவிதான் ரிஃபார்மர்; அந்தப் பகுதியில் ஸ்பிரிங் கேள்விகளைக் கவனமாகப் படியுங்கள். எடை குறைந்தால் எளிது என்று நினைத்து எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம். காலால் கம்பியைத் தள்ளும் ஃபுட்வொர்க்கில் ஸ்பிரிங் குறைந்தால் காலுக்கு எளிதுதான். ஆனால் கையும் காலும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக வைக்கும் பிளாங்க் நிலையில் செய்யும் லாங் ஸ்ட்ரெச்சில் ஸ்பிரிங் குறைந்தால் வண்டி நழுவும், அதைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுக்க வயிற்றுக்கும் தோளுக்கும் வரும். புதியவருக்கு அங்கே ஸ்பிரிங்கைக் கூட்டித்தான் உதவ வேண்டும்.

மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். எல்லா நிலையும் அழகாக வரும், முழங்கை பின்பக்கமாகப் பூட்டிக்கொண்டு நிற்கும். அவர்களுக்கு நீட்சியைக் கூட்டுவதில் பயனில்லை. எல்லையைக் குறைத்து, எதிர்ப்பு கொடுத்து, மெதுவாகச் செய்ய வையுங்கள். குழந்தைகளுக்கு நேரம் குறைவு, விளையாட்டு அதிகம். அவ்வளவுதான்.

முழுமையான ஆசிரியர் பயிற்சித் திட்டம் என்றால் 450 மணி நேரத்தை ஒட்டி இருப்பது வழக்கம். அதில் வகுப்பைப் பார்த்துக் கற்கும் மணிகளைப் பலர் ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்தே கழிக்கிறார்கள், எனக்கு மனசு வலிக்கும். ஆசிரியர் எந்த இடத்தில் திட்டத்தை மாற்றினார் என்பதை மட்டும் எழுதுங்கள். தலைக்குக் கீழே ஏன் துண்டை மடித்து வைத்தார்? நீட்டிய காலை ஏன் மடக்கச் சொன்னார்? வகுப்பு முடிந்ததும் போய்க் கேளுங்கள். தொட்டுத் திருத்தும் முன் "தொடலாமா?" என்று கேட்கும் பழக்கத்தையும் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். தேர்வில் அதையும் கவனிப்பார்கள்.

நான்கு மாதம் கழித்து இரண்டாவது செய்முறைத் தேர்வு. மாடல் நாற்பது வயதுக்காரர், திடமான உடம்பு. படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் "இல்லை". என் திட்டம் தயாராக இருந்தது. இருந்தாலும் பயிற்சிப் பாயின் அருகே உட்கார்ந்து கேட்டேன்: "தினமும் ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா சார்?"

"மாத்திரை எதுவும் இல்லைங்க. ராத்திரி கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும். கண்ணுல அழுத்தம் இருக்குன்னு டாக்டர் கொடுத்தது."

பென்சிலை எடுத்துத் திட்டத்தில் ரோல் ஓவரை அடித்தேன், அதுபோலவே காலை மேலே தூக்கித் தலை கீழே போகும் ஜாக்நைஃபையும் அடித்தேன். அந்த இடத்தில், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் ஷோல்டர் பிரிட்ஜையும் போடாமல், பக்கவாட்டுக் கால் வரிசையை எழுதினேன். தேர்வாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் அடித்தீர்கள்?" என்று கேட்டார்.