கரியில சுட்டாத்தான் மீனு

காசிமேட்டுல கரி அடுப்புல காணாங்கத்தைய சுட்டுத் தின்னு வளந்த எங்க அண்ணன் இப்ப மெல்போர்ன்வாசி. அங்க நிறைய பார்க்குல கரண்ட் அடுப்பு இருக்குது. பட்டன அமுக்கினா தட்டு சூடாவும், காசு கூட கிடையாது. அண்ணனுக்குத்தான் ஒப்பல. "தட்டுல போட்டு எடுத்தா அது தோசைடா"ன்றாரு.

சரி, கரி வாங்கி வெச்சா? கோடையில காட்டுத்தீ அபாயம் ஜாஸ்தியான அன்னிக்கு 'டோட்டல் ஃபயர் பேன்'னு அறிவிச்சிடுவாங்களாம். வெளிய கரி மூட்டவே கூடாது, மீறினா அபராதம். நம்ம காணும் பொங்கல் வர்ற ஜனவரி அங்க நடுக்கோடை வேற!

மசாலா மட்டும் மாறல. மொளகாத்தூள், மஞ்சத்தூள், இஞ்சி பூண்டு, கெட்டிப் புளி. போன வாரம் பக்கத்து வீட்டு வெள்ளக்காரரு தன் சாசேஜுக்கும் அதைத் தடவச் சொன்னாராம். அண்ணியக் கேட்டா, "மனுஷன் மூணு கிளாஸ் தண்ணி குடிச்சாரு, தட்ட மட்டும் வெக்கல"ன்றாங்க.